நம்பர் டூவுக்குப் பேர் என்ன?

ஜான் இன்னும் டான் ஆகவில்லை. 2012-இல் நிக்கலோடியனில் ‘மோட்டு பட்லு’ தொடங்கியபோதும் ஆகவில்லை, இன்றைக்கு ரிமோட்டைத் தட்டினாலும் ஆகியிருக்க மாட்டான். ஃபுர்ஃபுரி நகரமே அவனை ‘ஜான் தி டான்’ என்கிறது. அவனோ நான் டான் ஆகப்போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறான். பட்டம் நிகழ்காலத்தில் இருக்கிறது, ஆள் எதிர்காலத்தில் இருக்கிறான். ஜானின் காமெடியில் பாதி இந்த இலக்கணப் பிசகுதான்.

‘லோட்போட்’ என்ற இந்திச் சிறுவர் பத்திரிகையின் படக்கதையிலிருந்து வந்தவர்கள் மோட்டுவும் பட்லுவும். காஸ்மோஸ் மாயா நிறுவனம் அவர்களை அனிமேஷன் ஆக்கியது. இந்தி மூலத்தில் ஜான் வரிக்கு வரி இயைபு வைத்துப் பேசுவான். இந்திக்காரக் காது கடைசிச் சத்தத்துக்குக் காத்திருக்கும், நம் காது முதல் சீரின் இரண்டாம் எழுத்திலேயே விழித்துக்கொள்ளும். அதனால் டப்பிங்கில் இந்த விளையாட்டு பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் ‘ஜான் – டான்’ தப்பித்துவிட்டது. முதலெழுத்து ரெண்டும் நெடில், இரண்டாம் எழுத்து ரெண்டிலும் ‘ன்’. எதுகையும் ஆச்சு, இயைபும் ஆச்சு. (இன்ஸ்பெக்டர் சிங்கம் கதை வேறு. இந்தியில் அவர் தென்னாட்டு உச்சரிப்பில் இந்தி பேசுவார். ஜோக்கே நம்மைப் பற்றித்தான். எல்லாரும் தமிழ் பேசும் டப்பிங்கில் அந்த ஜோக்குக்கு வீடு இல்லை.)

ஜானுக்கு நம் பக்கத்தில் நெருங்கிய சொந்தக்காரர் ஒருத்தர் உண்டு. ‘வின்னர்’ (2003) படத்து கைப்புள்ள. வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர். அவரும் பட்டத்தை முதலில் வாங்கிக்கொண்டு தகுதிக்காகக் காத்திருப்பவர்தான். வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. வடிவேலுவின் நடையைப் பார்த்தாலே எங்கே அடி விழுந்திருக்கிறது என்று தெரியும். ஜானுக்கு அப்படி இல்லை. மோட்டு ஒரு சமோசா தின்றதும் வானத்தில் பறக்கிறான், அடுத்த எபிசோடில் கோட்டு கசங்காமல் வந்து நிற்கிறான். அடி வாங்கியது அவன் ஞாபகத்தில்கூட இல்லை.

இதையெல்லாம் நான் யோசித்தது டிவி முன்னால் உட்கார்ந்து இல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். மெழுகுவத்தியும் ரொட்டி பாக்கெட்டும் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது கொல்லையில் ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. கரண்ட் வர எத்தனை வாரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆக நாலு பேர், விழுந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மோட்டு பட்லு நடத்திக்கொண்டிருந்தார்கள். டிவி இல்லாத மோட்டு பட்லு.

நாலு பேரும் சண்டை போட்டது ஜான் வேஷத்துக்கு. மோட்டு யாருக்கும் வேண்டாம். ‘சமோசாவே இல்ல, அப்பறம் எப்புடி மோட்டு அடிப்பான்?’ என்றாள் பெரியவள். நியாயமான கேள்வி. கடைசியில் அவளே ஜான் ஆனாள். அடுத்தவன் நம்பர் ஒன். ஐந்து வயசுக்காரன் ஒருத்தன், கேட்காமலேயே அவனை நம்பர் டூ ஆக்கிவிட்டார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது.

“அது யாருடா நம்பர் டூ? அந்தப் புள்ளைக்குப் பேரு இல்லையா?”

“அவன் ஜானோட ஆளு அப்பாயி. பேரே அதான்.”

“கூடவே திருட வர்றான், கூடவே ஒதையும் வாங்குறான். ஒரு பேரு வைக்கக் கூடாதா அவனுக்கு?” கொஞ்சம் கழித்து, வேறு யாரிடமோ சொல்வதுபோல: “உங்க தாத்தாவயும் பண்ணையில யாரு பேரு சொல்லிக் கூப்புட்டா? டேய்தான்.”

எனக்கு ஜானைப் பார்க்கும் கண் அன்றைக்கு மாறியது. கீழத்தஞ்சைக்காரனுக்கு வில்லன் என்றால் கோமாளி ஞாபகத்துக்கு வருவதில்லை. பண்ணையாளைச் சும்மா நீக்க முடியாது, கூலி இவ்வளவு என்று சொல்வதற்கே 1952-இல் ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது, அதுவும் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு என்று. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது. இவ்வளவு நிலம் உள்ள பணக்காரர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அதன் சாரம். அதாவது, நிஜமான பெரிய மனுஷன் நேரில் போக மாட்டான். நம்பர் ஒன்னும் நம்பர் டூவும் எதற்கு இருக்கிறார்கள்?

இங்கேதான் ஜான் வேறு ஆள். அவன் நேரில் போகிறான். பேங்கைக் கொள்ளையடிக்கவும் அவன்தான், டாக்டர் ஜட்காவின் புது மிஷினைத் திருடவும் அவன்தான், மோட்டுவின் முதல் குத்து விழுவதும் அவன் மேலேதான். ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவன் எப்போதோ டான் ஆகியிருப்பான், நமக்குச் சிரிப்பும் வந்திருக்காது. குழந்தைகள் அவன் வேஷத்துக்கு அடித்துக்கொள்வதற்குக் கெட்டவனாக இருக்கும் ஆசை மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அதிகாரம் பேசிவிட்டு அடியையும் தானே வாங்குகிறவனைக் குழந்தைகளுக்குப் பிடித்துப்போகிறது. பெரியவர்களில் அப்படி யாரையும் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்பாயி கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. தொடர் ஜானின் டாம்பீகத்தைக் கிழிக்கிறது, ஜான் வைத்த எண்களை அப்படியே விட்டுவிடுகிறது. டீக்கடைக்காரர் முதல் கசீட்டாராம் வரை ஊரில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம், ஒரு பழக்கம். இந்த ரெண்டு பேருக்கு மட்டும் வரிசை எண்தான். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், ஆகவே ஆகாத ஒரு டானிடம் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று நான் பார்த்த எபிசோடுகளில் யாரும் கேட்டதில்லை. குழந்தைகள் கார்ட்டூனுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அந்த ஐந்து வயசுக்காரனிடம் போய்க் கேளுங்கள்.

மூன்றாம் நாள் அவன் மரத்தின் மேல் ஏற மறுத்துவிட்டான். அக்காள்காரி இடுப்பில் கை வைத்து, ஜான் குரலில், “நம்பர் டூ, இங்க வா!” என்றாள். அவன் வரவில்லை. ரொட்டியில் பாதி தருவதாகச் சொன்னாள். அப்போதும் வரவில்லை. கடைசியில் அவள் குரலை இறக்கி, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, “வாடா தங்கம், நீ இல்லாம பேங்க்குக்குப் போக முடியாதுல்ல” என்றதும் இறங்கி ஓடினான். அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.