கழுதையும் கணிகையும்: மணிமேகலையின் அளவைப் பாடம்

மணிமேகலையின் 29ஆம் காதையை விரும்பி வாசிப்பவர்கள் குறைவு. ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’ என்பது அதன் பெயர். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளைக் கற்பிக்கிறார், போலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். காப்பியம் முடிய இன்னும் ஒரு காதையே இருக்கும்போது சாத்தனார் கதையை நிறுத்திவிட்டு வகுப்பெடுக்கிறார் என்பது பழைய குறை. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு இந்தப் பகுதி நெருக்கமாக ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் காட்டியபின் குறை இன்னும் வலுத்தது: இது கவிதை இல்லை, இரவல் பாடம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதுவரை சொல்லப்பட்ட கதையின் கணக்கை இந்தக் காதைதான் தீர்க்கிறது என்பது என் வாசிப்பு.

பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் முதலாம் ஆண்டில், அளவையியல் படித்த அரையாண்டில் இதை முழுதாக வாசித்தேன். இலங்கையில் உயர்தரத்துக்கு ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்றொரு பாடம் உண்டு. அந்தப் பெயரிலுள்ள ‘அளவை’ இந்தக் காதையில் அறிவின் வாயிலைக் குறிக்கிறது. புத்தர் வழியில் அளவை இரண்டே: காட்சி, கருத்து.

வகுப்பில் எங்களுக்குக் கொடுத்தவை வெறும் குறிகள். ‘அ’ எனில் ‘ஆ’. ‘ஆ’ உண்மை. ஆகவே ‘அ’ உண்மை என்றால் அது செல்லாது. ‘அ’ எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்பதே அந்த முறையின் பலம். அறவண அடிகளின் முறை வேறு. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல் என்பது திட்டாந்தம். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இருக்காது என்று காட்ட எதிர்ப்பக்கத்தில் நீரை வைக்கிறார். மலையைப் பற்றிப் பேசுகிறவன் தான் அறிந்த ஓர் அடுப்பங்கரையைக் காட்டியாக வேண்டும்.

பிறகு போலிகள்: பக்கத்தில் 9, ஏதுவில் 14, திட்டாந்தத்தில் 10, மொத்தம் 33. என் தாய் மலடி என்பது தன் சொல்லையே மறுக்கும் பக்கம். ஆவியோ பனியோ என்று ஐயம் தீராதபோதே புகை என்று கொண்டு நெருப்பைத் துணிவது இன்னொரு பிழை. 2023 ஜூலையில் பலேர்மோவைச் சூழ்ந்த மலைகள் எரிந்ததைக் கண்டவர்களுக்கு அந்த ஐயம் விளங்கும்.

இவற்றுக்கு முன்பே அடிகள் ஒன்று சொல்கிறார். ஒருவன் ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேர்த்துக் கண்டான். இன்னொரு நாள், இன்னோரிடத்தில் கழுதையை மட்டும் கண்டால், கணிகையும் அங்கே இருப்பாள் என்று அனுமிக்கலாமா? கூடாது. சேர்ந்து இல்லாமையும் போதாது. கழுதையின் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை; அதைக்கொண்டு வேறிடத்தில் நரிவாலைப் பார்த்து நாய்வாலை அனுமிக்க முடியாது. இரண்டு பொருள்கள் கூடி நிற்பது வேறு, ஒன்றில்லாமல் மற்றது இராது என்பது வேறு.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் யார்? மாதவியின் மகள், சித்திராபதியின் பேத்தி. கணிகையர் குலத்தில் பிறந்தவள், ஆகவே கணிகை என்பதுதான் அவளைக் காப்பியம் முழுவதும் துரத்திய அனுமானம். 18ஆம் காதையில் சித்திராபதி அதைச் சொல்லித்தான் உதயகுமரனைத் தூண்டிவிடுகிறாள். இளவரசனும் அதை நம்பியே பின்தொடர்கிறான். அவனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அந்த உருவைக் காண்கிறான். அது தன்னைப் பொருட்படுத்தாமல் உதயகுமரனோடு பேசுவதையும் காண்கிறான். கண்ணில் பிழையில்லை. ‘மனைவியின் உருவம், ஆகவே மனைவி’ என்ற ஏதுவில்தான் பிழை. 20ஆம் காதையில் அந்தப் பிழையின் முடிவில் உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கிறான்.

வஞ்சியில் சமயக் கணக்கரிடம் பொருள் கேட்க அவள் ஆண் துறவியின் வடிவெடுத்ததும் இதே காரணத்தால்தான். இளம்பெண் என்றால் மெய்ப்பொருள் சொல்லமாட்டார்கள். அங்கே கேட்ட சமயங்களையும் அந்த இரவல் வடிவைப் போலவே விட்டுவிட்டேன் என்று அறவண அடிகளிடம் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கவைக்கிறாள்.

இங்கே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பெற்றோரில் பலர் வீட்டுவேலைக்குப் போய்த்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள். வேலைக்காரரோடு எங்கள் முகத்தைச் சேர்த்தே கண்டு பழகியவர்கள், சகமாணவியின் வீட்டுக்குப் படியேறும் என்னிடம் எத்தனையாம் மாடியில் வேலை என்று கேட்கிறார்கள். எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெடியனுக்குப் பக்கத்தில் நின்றவளைப் பற்றிப் பொழுதுபடுமுன் தீர்ப்பு வந்துவிடும்.

என் வாசிப்புக்கு ஒரு தடை உண்டு. அடிகள் உதாரணத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மணிமேகலை முகம் மாறினாள் என்று ஒரு சொல்கூட இல்லை. கணிகையைக் கழுதையோடு நிறுத்துவதில் ஏளனமும் இருக்கிறது. காஞ்சிக்கு வந்திருக்கும் மாதவியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதைப் பற்றிக் காப்பியத்துக்குக் கவலையில்லை. உதாரணம் சாத்தனாருடையதா, பள்ளிவழக்கா என்பதை வைத்து நான் வாதிடவில்லை. எங்கிருந்து வந்திருந்தாலும், இந்தக் கதையில் இந்தப் பெண்ணின் முன் அது சொல்லப்படுகிறது. அவளைத் துரத்திய அனுமானத்துக்கு அதுவரை கிடைத்த பதில்கள் மந்திரமும் மாற்றுருவும்தான். இங்கேதான் முதன்முறையாக அது ஏன் செல்லாது என்பதற்கான காரணம் கிடைக்கிறது.

29ஐத் தனியே எடுத்தால் அது பாடநூல்தான். 18, 20 ஆகிய காதைகளை வாசித்த கையோடு அதை வாசித்துப் பாருங்கள். போலிகளின் பட்டியலில் ஆட்களின் முகம் தெரியும்.