நாக்குக்கு முன்னால் வந்துவிடும் சொல்: ஒயின் ருசித்தல் பற்றி

தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்கிற குறிப்பானுக்கும் ஒயின் என்கிற பொருளுக்கும் உள்ள உறவு எப்போதுமே தூரத்து உறவுதான். போகிறவருக்குப் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும். ஒயின் கேட்டால் கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. பலகைகள் மாறின, வாய்வழக்கு மாறவில்லை. சசூரைப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடித்தர முடியாது. ஆனால் இந்த விலகலில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. ஒயினைச் சுற்றி ஐரோப்பா எழுப்பி வைத்திருக்கும் சொல்லாடலை, அதற்குள் முழுகிப்போகாமல், கரையில் நின்று வாசிக்க முடிகிறது. ‘ரசனை’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இலக்கியத்தில் நாம் தலைமுறைக் கணக்கில் போட்டுவரும் சண்டை அங்கே ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நடக்கிறது, நம்முடையதைவிடத் துலக்கமாக.

ரோலான் பார்த்தின் ‘தொன்மங்கள்’ (1957) தொகுப்பில் ஒயினையும் பாலையும் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முன்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். ஒயின் பிரெஞ்சு தேசத்தின் குலக்குறி, பலசாலிக்கும் பலவீனனுக்கும் ஒரே சமயத்தில் பொருந்தக்கூடிய விளக்கம், அதை நம்பாதவன் ஊருக்கு வெளியே நிற்கவேண்டியவன் என்பதெல்லாம் ருசியான பகுதிதான். பார்த் காரியத்துக்கு வருவது கடைசியில். அல்ஜீரியாவில் முஸ்லிம்களின் நிலத்தைப் பிடுங்கி, அவர்களுக்கு வேண்டாத ஒரு பயிரை நட்டிருக்கிறது காலனியம். நிலம் போனவனுக்கு ரொட்டி இல்லை. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியது என்பதை மறந்துவிட்டு இந்தக் கட்டுரையை வாசிப்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் பார்த்திடம் ஒரு குறை உண்டு. அந்தப் பானம் எப்படி உண்டாகிறது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. அவர் கைக்கு வரும்போதே பொருள் குறியாகிவிட்டிருக்கிறது. நம்ம ஊர்க் குறியியல் கட்டுரைகளுக்கும் இதே வியாதி: சினிமாவைப் பற்றி எழுதுவார்கள், கேமரா எங்கே இருந்தது என்று பார்க்கமாட்டார்கள்.

ஆகவே முதலில் பொருள். திராட்சைச் சாறுக்கு, அபூர்வமான சில வகைகள் நீங்கலாக, நிறம் கிடையாது. நிறம் தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சையை மெல்லப் பிழிந்து தோலை உடனே விலக்கினால் வெள்ளை ஒயினே கிடைக்கும்; ஷாம்பேன் வட்டாரத்தில் இது அன்றாடக் காரியம். அதே பழத்தைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு. ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை போனால் ஏறக்குறைய 1 சதவிகித ஆல்கஹால் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு கட்டமும் ஒரு முடிவு. தோலை எத்தனை நாள் ஊறவிடுவது? அதிகம் ஊறினால் டானின் ஏறும், கொட்டைப்பாக்கைக் கடித்ததும் வாய் காய்ந்து இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. பழத்தின் கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்ற விடுவதா, தடுப்பதா? விட்டால் டையசிட்டைல் என்ற ஒரு துணைப்பொருள் உண்டாகி வெண்ணெய் வாசனை தரும். எஃகுத் தொட்டியா, ஓக் மரப் பீப்பாயா? போர்தோவில் வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். புது மரமானால் வனிலா வாடை ஏறிவிடும். கடைசியில் தெளியவைக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி, மிதக்கும் கசடுகளைப் பிடித்துக் கீழே இறக்குவது அங்கே பழைய முறை. (சங்கத் தமிழ் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘தேறல்’, தெளிந்தது. யவனர் கலத்தில் வந்த தேறலைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் தர, பாண்டியன் அருந்தட்டும் என்று நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஓடுகள் அந்தக் கடல்வணிகத்தின் மிச்சம்.)

இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒயின் ருசிப்பவர் ‘வெண்ணெய்’ என்றோ ‘வனிலா’ என்றோ சொன்னால் உடனே சிரிப்பது நமக்கு எளிது. அந்தச் சொற்களுக்குக் கீழே மூலக்கூறுகள் இருக்கின்றன. சிரிக்கவேண்டிய இடம் வேறு.

அந்த இடத்தைக் காட்டியதாகச் சொல்லப்படும் சோதனை 2001இல் வெளியானது. கில் மொரோ, ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியூ என்ற மூவர் நடத்தியது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பியல் படிக்கும் 54 மாணவர்களிடம் முதலில் ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் கொடுத்து வாசனைகளை எழுதச் சொன்னார்கள். அடுத்த அமர்வில் அதே வெள்ளை ஒரு குவளையில். அதே வெள்ளை, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து, இன்னொரு குவளையில். மாணவர்கள் சாயம் போட்டதற்குச் சிவப்பு ஒயினின் சொற்களையே கொடுத்தார்கள். பத்திரிகைகள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடின: ‘நிபுணர்களுக்குச் சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை’, ‘எல்லாம் பம்மாத்து’.

சோதனை அப்படிச் சொல்லவில்லை. முதலாவது, அவர்கள் மாணவர்கள், பழுத்த நிபுணர்கள் அல்ல. இரண்டாவது, இரண்டும் வெவ்வேறா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை; பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இந்த இரண்டு குவளைகளில் எதற்கு அதிகம் பொருந்தும் என்றுதான் கேட்டார்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடம் இல்லை. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஒயின் சொற்கள் ஏற்கெனவே நிறவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. சிவப்பு ஒயினைச் சிவந்த, கறுத்த பொருள்களால் விவரிப்பார்கள்: செர்ரி, பிளம், மிளகு. வெள்ளைக்கு வெளிர் நிறப் பொருள்கள்: எலுமிச்சை, தேன், ஆப்பிள். கண் நிறத்தைப் பார்த்ததும் அகராதியின் ஒரு பாதி மூடிக்கொள்கிறது, மறுபாதியிலிருந்துதான் மூக்கு பொறுக்க வேண்டியிருக்கிறது. நாக்கு பொய் சொல்கிறது என்பதல்ல விஷயம். நாக்கு வந்துசேருவதற்கு முன்பே சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கவிஞர் பெயரைப் பார்த்துவிட்டுக் கவிதையைப் படிக்கிற யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

பியர் பூர்தியுவின் நூல் (1979) ரசனையை வர்க்கத்தின் கைகாட்டியாகப் படித்தது. சரிதான், ஆனால் அவரை வாசித்துவிட்டு நம்மில் சிலர் ‘ரசனை என்று ஒன்று இல்லை, அதிகாரம்தான் இருக்கிறது’ என்று கிளம்பிவிடுகிறார்கள். இது சோம்பேறித்தனமான வாசிப்பு. பீப்பாயில் இருந்த ஒயினும் எஃகுத் தொட்டியில் இருந்த ஒயினும் வேறுவேறாக ருசிக்கின்றன. யார் ஆட்சியில் இருந்தாலும் ருசிக்கும். கேள்வி, அந்த வேறுபாட்டுக்கு மேலே யார் பட்டியல் போடுகிறார்கள் என்பது.

பட்டியல் என்றதும் நமக்கு க.நா.சு. ஞாபகம் வரும். அவர் பட்டியல்களைத் திட்டாதவர்கள் குறைவு. அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்காதவர்கள் இன்னும் குறைவு. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ஒயின் பட்டியல் 1855இல் போர்தோவில் தயாரானது. மூன்றாம் நெப்போலியனின் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக வர்த்தக சபை கேட்க, ஒயின் தரகர்கள் இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயின் தோட்டங்கள் ஐந்து படிநிலைகளில். உச்சியில் நான்கு: லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். அவர்கள் உட்கார்ந்து ருசித்துப் பார்த்து எழுதியதல்ல இது. பல வருஷங்களாகச் சந்தையில் என்ன விலை போயிற்றோ அந்த வரிசை. விலைப்பட்டியல் தரப்பட்டியலானது, தரப்பட்டியல் பிறகு விலையைத் தீர்மானித்தது. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்டை இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏற்றியது தவிர, அந்த வரிசையில் பெரிய மாற்றம் எதுவும் இன்றுவரை நடக்கவில்லை. எந்த இலக்கிய நியதிக்கும் இவ்வளவு ஆயுள் கிடைத்ததில்லை.

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் நடத்திய சோதனை இந்த வரிசையை உடைத்ததாகக் கதை. 9 பிரெஞ்சு நடுவர்கள், பெயர் மறைத்த குவளைகள். வெள்ளையில் கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மோன்டலீனா 1973, சிவப்பில் அதே மாநிலத்தின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம். முடிவு தெரிந்ததும் ஒதெத் கான் என்ற நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். இந்தக் கலகம் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் மேசையைக் கவனிக்க வேண்டும். இரண்டு சுற்றிலும் 10 குவளைகள். அதில் 6 கலிஃபோர்னியா, 4 பிரான்ஸ். குருட்டாம்போக்கில் மதிப்பெண் போட்டால்கூட முதலிடம் கலிஃபோர்னியாவுக்குப் போக வாய்ப்பு அதிகம். சிவப்புச் சுற்றில் முதலாவதற்கும் இரண்டாவதாக வந்த மூத்தோனுக்கும் இடைவெளி மிகச் சிறியது. இரண்டு தேசத்தைத் தவிர மூன்றாவதற்கு நாற்காலியே போடவில்லை. துணியைச் சுற்றிப் புட்டியை மறைப்பது நடுவரின் கண்ணைத்தான் மறைக்கும். எந்தப் புட்டி மேசைக்கு வரவேண்டும் என்று தீர்மானித்தவரின் கண் திறந்தேதான் இருந்தது. நம்முடைய ‘சிறந்த நூறு சிறுகதைகள்’ தொகுப்புகளில் எது இடம்பெற்றது என்று சண்டை போடுகிறோம், எதை யார் படித்துவிட்டு ஒதுக்கினார்கள், எதைப் படிக்கவே இல்லை என்று கேட்பதில்லை.

மேசைக்கு வராத புட்டிகளில் ஒன்று அல்ஜீரியாவுடையது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வரிசையாக அழித்தது. ஒயினுக்குத் தட்டுப்பாடு. அப்போதுதான் அல்ஜீரியாவில் கொடி நடுவது காட்டுத்தீபோலப் பரவியது. 1930களில் கிட்டத்தட்ட 4 லட்சம் ஹெக்டேர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிலேயே அதிக ஒயின் ஏற்றுமதி செய்த நாடு. அடர்ந்த நிறமும் அதிக ஆல்கஹாலும் கொண்ட அந்த ஒயினைச் சோகையான பிரெஞ்சு ஒயின்களில் கலந்து ‘திடப்படுத்தி’ விற்றார்கள். லேபிளில் பிரெஞ்சு ஊர்ப் பெயர்தான் இருக்கும். இதற்குள் பிரான்சின் தோட்டங்கள் மீண்டுவிட, சந்தை நிரம்பி வழிந்தது. 1907இல் லாங்தோக் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள்; நார்போனில் துப்பாக்கிச் சூடு, ஒரு காலாட்படைப் பிரிவே கலகம் செய்தது. தண்ணீரும் சர்க்கரையும் கலந்த போலி ஒயினுக்கு எதிராக அந்த ஜூனிலேயே சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1935இல் ஊர்ப் பெயருக்குச் சட்டக் காப்புத் தரும் ஏற்பாடு. ‘தெருவார்’ என்கிற மந்திரச்சொல் — மண்ணும் வெயிலும் சரிவும் சேர்ந்து புட்டிக்குள் பேசுகிறது என்கிற நம்பிக்கை — சட்டத்தின் பலத்தைப் பெற்றது இப்படித்தான். மண் பேசியது என்பது பொய்யில்லை. எந்த மண் பேசலாம் என்று அரசாங்க இதழில் வெளியிடவேண்டியிருந்தது என்பதும் பொய்யில்லை.

அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது? பூச்சியை வெல்ல ஒரே வழி, அதைத் தாங்கும் அமெரிக்க வேர்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. இன்றைக்கும் பெரும்பாலான ஐரோப்பியக் கொடிகள் அப்படித்தான் நிற்கின்றன. தூய பூர்வீகத்தின் காலுக்குக் கீழே அயல்வேர். ஒட்டு என்பதை எழுத்தின் இயல்பாகவே முன்வைத்த தெரிதா அல்ஜீரியாவில் 1930இல் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே ஒரு ஒயின், மதுபான நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போன விற்பனைப் பிரதிநிதி. இதை வைத்துப் பெரிய கோட்பாடு எதுவும் கட்ட நான் தயாரில்லை. தெரிந்துவைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

சரி, ருசித்துப் பார்க்க எதைத் தேர்ந்தெடுப்பது? ‘சிறந்தது எது’ என்ற கேள்வியோடு மேசையை அடுக்கினால் விலைப்பட்டியல்தான் திரும்பி வரும். வித்தியாசத்தை மட்டும் கேட்டால் வேறு மாதிரி அடுக்கவேண்டும். ஒரே பழம், ஒரே வருஷம், இரண்டு ஊர். அல்லது ஒரே தோட்டம், இரண்டு வருஷம். அல்லது ஒரே வட்டாரத்தின் இரண்டு வெள்ளை, ஒன்று பீப்பாயில் இருந்தது, ஒன்று இல்லாதது. லேசானது முன்னால், கனமானது பின்னால். மூன்று குவளை வைக்கிற முறை ஒன்று உண்டு: இரண்டில் ஒன்றே, மூன்றாவது வேறு, எது வேறு என்று சொன்னால் போதும். குருட்டுத்தனமாகச் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால் பல தடவை செய்ய வேண்டும். இதற்குச் செர்ரியும் தெரியவேண்டாம், பிளமும் தெரியவேண்டாம். நெல்லிக்காயும் பாக்கும் தெரிந்த நாக்கு போதும். அகராதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், அவரவர் பாஷையில்.

இந்த முறையிலும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. ஷாம்பேன் வட்டாரத்தில் பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. குலை சிதையக் கூடாது, தோலின் நிறம் சாற்றில் இறங்கிவிடும். அதற்காக ஒவ்வொரு அறுவடைக்கும் ஆயிரக்கணக்கில் கூலியாட்கள் வந்து சேருகிறார்கள். 2023 செப்டம்பர் வெயிலில் பறிப்புக்கு வந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை மிக மோசமான இருப்பிடத்தில் அடைத்துவைத்து வேலை வாங்கியதற்காக, 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆள்கடத்தல் குற்றத்தில் தண்டனை விதித்தது. அந்த வருஷத்துப் பழத்தின் சாறும் வழக்கம்போலப் புட்டிகளுக்குப் போயிருக்கும். லேபிளில் ஊர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும்.