வளையங்களால் ஆன துணி

உல்லாஸ்நகர் என்றால் மும்பைக்காரர்களுக்கு ஜீன்ஸ். பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறிய முகாம், பிறகு தையல் எந்திரங்களின் ஊரானது. அந்த ஜீன்ஸுக்கு மேலே போடும் டி-ஷர்ட்டோ வேறு வகை. திருப்பூர் பனியன் துணியின் வகை.

டெனிம் நெய்த துணி. நீளவாக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் ஏறக்குறைய நேராக ஓடுவதால் இழுத்தாலும் அதிகம் நெகிழாது. பனியன் துணியில் நூல் நேராக இருப்பதே இல்லை. ஒவ்வொரு வளையமும் கீழுள்ள வளையத்துக்குள் நுழைந்து வருகிறது. குறுக்கே இழுத்தால் வளையம் அகன்று கொடுக்கும். நூல் நீள வேண்டியதில்லை.

பனியன் துணியை வெட்டினால் பக்க ஓரங்கள் பின்புறமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்புறமாகவும் சுருளும். வளைத்த நூல் நிமிரப் பார்க்கிறது. என்ன அழகான பிடிவாதம்!

துணியின் அடர்த்தியை முக்கியமாகத் தீர்மானிப்பது ஒரு வளையத்துக்குச் செலவாகும் நூலின் நீளமே என்று 1959இல் மண்டன் என்ற ஆய்வாளர் காட்டினார். நிட்டிங் கூடங்களில் 'லூப் லெங்த்'தை மில்லிமீட்டரில் பார்ப்பது இதனால்தான். துவைத்துச் சுருங்கும்போது பெரும்பாலும் மாறுவது வளையத்தின் உருவம், நூலின் நீளமல்ல.

இந்த வளையங்களைப் பின்னும், 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசிகள்) உள்ள வட்ட எந்திரத்தில் சுமார் 2,260 ஊசிகள் உண்டு. ஊசியின் தலையில் ஒரு கொக்கி, அதை மூடித் திறக்க ஒரு சிறு நாக்கு. ஊசி எழும்போது பழைய வளையமே நாக்கைத் திறந்து கீழே நழுவுகிறது. கொக்கி புது நூலைக் கவ்வி இறங்கும்போது அதே வளையம் நாக்கை மூடி, தலைக்கு மேலாகக் கழன்றுகொள்கிறது.