ஒரு வாவும் இரண்டு மரங்களும்: குர்ஆனின் கணினி இஃராப் பற்றிய ஒரு நோக்கு

மதரஸாவில் ஓதுகின்ற பிள்ளை ஒருவர் நோன்பு விடுமுறையில் என்னைக் காண வந்தார். கையில் செல்போன். "சேர், எங்கட உஸ்தாத் இந்த ஆயத்துக்கு ரெண்டு இஃராப் சொல்லித் தந்தார். இதில ஒண்டுதான் போட்டிருக்கு. அப்ப மத்தது பிழையா?" என்று கேட்டார். திரையில் இருந்தது இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'குர்ஆனிக் அரபிக் கோர்பஸ்'. இன்று நமது மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அடிக்கடி புரட்டும் தொகுப்பு அது. அந்தப் பிள்ளையின் கேள்வியை முன்வைத்தே இக்குறிப்பை எழுதுகிறேன்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். கைஸ் டியூக்ஸ் என்ற ஆய்வாளர், எரிக் அட்வெல்லின் வழிகாட்டலில் செய்த பணி இது. குர்ஆனின் 77,430 சொற்களும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, ஸர்ஃபு, நஹ்வு அடையாளங்கள் இடப்பட்டுள்ளன. முதற்கட்டப் பகுப்பைக் கணினி செய்தது. பிறகு மனிதர்கள் அதைத் திருத்தினார்கள். ஆர்வலர்கள் சுட்டிய பிழைகளும் பரிசீலிக்கப்பட்டன. சொல்லிலக்கணம் முழுக் குர்ஆனுக்கும் உண்டு. வசன அமைப்பைக் காட்டும் மரப்படம் ஒரு பகுதிக்குத்தான் வரையப்பட்டுள்ளது.

அதற்கு முன்னரே அரபுக்கு இத்தகைய மரப்படத் தொகுப்புகள் இருந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் செக் நாட்டின் பிராக் நகரிலும் செய்தித்தாள் அரபை வைத்து அவற்றை உருவாக்கினார்கள். லீட்ஸ் தொகுப்பு அவர்களின் சட்டகத்தை அப்படியே இரவல் வாங்கவில்லை. நமது மதரஸாக்களில் ஆஜுரூமிய்யா தொட்டு ஓதிக்கொடுக்கும் பாரம்பரிய இஃராபையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. மறைந்து நிற்கும் பிரதிப்பெயர், விடுபட்டதாகக் கொள்ளப்படும் சொல் ஆகியவற்றுக்கும் மரத்தில் இடம் ஒதுக்கியது. கணினியின் வசதிக்காக இலக்கணத்தை வெட்டாமல், இலக்கணத்துக்காகக் கணினியின் வரைபடத்தை வளைத்தார்கள். பாராட்டத்தக்க முடிவு.

இந்த மரப்படம் என்ன செய்கிறது என்பது தமிழ் இலக்கணம் படித்தவருக்கு எளிதில் விளங்கும். பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது என்ற கேள்விக்குச் சொல்லிலிருந்து சொல்லுக்கு ஒரு கோடு இழுத்து விடை சொல்வதே சார்பு இலக்கணம். மேற்கில் லூசியன் தெனியேரின் நூல் 1959இல் வெளிவந்த பிறகே இது தனித்துறையாக வளர்ந்தது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே ஸீபவைஹி, ஒரு சொல்லின் ஈற்றை மாற்றும் 'ஆமில்' எது என்று தேடித் தேடி எழுதினார். அவ்வகையில் இவ்விரு மரபுகளும் அயலவர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? "புதிய பள்ளிவாசல் தலைவர் வந்தார்" என்று ஒருவர் சொல்கிறார். புதிதாகத் தெரிவான தலைவரா, புதிய பள்ளிவாசலின் தலைவரா? 'புதிய' என்ற சொல்லிலிருந்து கோட்டை இரண்டு இடத்துக்கும் இழுக்கலாம். இரண்டும் இலக்கண சுத்தமானவை. ஊர்க்காரருக்கு எதுவென்று தெரியும். வெளியாளுக்குத் தெரியாது. கணினி என்றைக்கும் வெளியாள்தான்.

இப்போது அந்தப் பிள்ளை காட்டிய ஆயத்துக்கு வருவோம். ஆல இம்ரான் 3:7. ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துக்கு இடந்தரும் வசனங்களின் உட்பொருளை அல்லாஹ்வைத் தவிர எவரும் அறியார் என்பதை அடுத்து, அறிவில் ஊன்றியவர்கள் பற்றிய பேச்சு வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு 'வாவு'. அதைப் புதுவசனத்தின் தொடக்கமாகக் கொண்டால், அறிஞர்கள் அறியாமலே ஈமான் கொள்கிறார்கள். முன்னதோடு சேர்க்கும் அத்ஃபாகக் கொண்டால், அவர்களும் அறிவார்கள். பெரும்பான்மையோர் முன்னதையே தெரிவு செய்தனர். முஜாஹித் போன்ற முற்கால முஃபஸ்ஸிர்கள் பின்னதைச் சொன்னார்கள். ஒரேயொரு எழுத்தின் வேலை எது என்பதில் தஃப்ஸீர்க் கலையின் எல்லையே தங்கியிருக்கிறது. தொகுப்பின் அட்டவணையிலோ ஒரு வாவுக்கு ஒரு பெயர்தான் இட முடியும். எந்தப் பெயரை இட்டாலும் மற்றது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நாம் அன்றாடம் வுழூ செய்யும்போது நிறைவேற்றும் அல்மாஇதா 5:6ஐயும் எடுத்துக்கொள்ளலாம். முகத்தையும் கைகளையும் கழுவுமாறும், தலையை மஸ்ஹு செய்யுமாறும் கூறிய பின் 'கால்கள்' என்ற சொல் வருகிறது. ஹஃப்ஸ் கிராஅத்தில் அது நஸ்பு: அர்ஜுலகும். கழுவுதலோடு சேர்கிறது. இப்னு கஸீர், அபூ அம்ரு, ஹம்ஸா ஆகியோரின் கிராஅத்தில் ஜர்ரு: அர்ஜுலிகும். பார்வைக்குத் தலையோடு சேர்கிறது. கழுவுவதே கடமை என்ற நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் இந்த ஜர்ரை மறைக்கவில்லை. அயற்சொல்லின் சாயல் படிந்தது என்றோ, காலுறை மீது தடவுவதைக் குறிப்பது என்றோ விளக்கம் கண்டு பதிந்து வைத்தார்கள். தொகுப்பு ஹஃப்ஸ் கிராஅத்தை மட்டுமே எடுத்துக்கொண்டதால் இந்த விவாதத்தின் தடயமே அதில் இல்லை.

இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் படும் பாடும் கவனத்துக்குரியது. அரபியில் வினை முன்னே வரும், செயப்படுபொருள்கள் பின்னே தொடரும். ஆகவே கடைசியில் நிற்கும் 'கால்கள்' பின்னோக்கித் தாவி முதல் வினையைப் பற்றிக்கொள்ள முடிகிறது. தமிழில் வினை கடைசியில். தலையைத் தடவுங்கள் என்று வினையை முடித்த பின் கால்களைக் கொண்டுவந்தால், அவற்றுக்கு வேறொரு வினை கொடுத்தே ஆகவேண்டும். அதனால் 'கழுவுங்கள்' என்பதை இரண்டாம் முறை எழுத நேர்கிறது. சொற்களின் இடம் மாறும்போது மரமும் மாறுகிறது. தான் எடுத்த முடிவு இது என்பதை அறிந்து எழுதும் மொழிபெயர்ப்பாளர் அடைப்புக்குறியாவது போடுவார். திரையில் கண்ட ஒற்றைக் கோட்டை நம்பி எழுதுபவர் அதையும் போடமாட்டார்.

மரம் ஒன்றேயானாலும் கருத்து ஒன்றாவதில்லை. அதே ஆயத்தில் தலைக்கு முன்னால் நிற்கும் 'ப' என்ற எழுத்தைப் பாருங்கள். தொகுப்பில் அது ஜர்ரு செய்யும் இடைச்சொல். சரியான அடையாளம்தான். ஆனால் நம்மவர்கள் தலையின் ஒரு பகுதியைத் தடவினால் போதும் என்கிறார்களே, ஷாபிஈ மத்ஹபில் அந்தப் 'ப'வுக்குப் 'பகுதி' என்ற பொருள் காண்பதும் அதற்கு ஓர் ஆதாரம். முழுத்தலையும் என்கிற மாலிகிகள் அதற்கு அப்பொருளை ஏற்பதில்லை. சட்டம் பிறந்தது அடையாளத்துக்கு அப்பால்.

இதற்கெல்லாம் கணினியைக் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு வசனத்துக்குச் சாத்தியமான எல்லாப் பகுப்புகளையும் ஒரே அட்டவணையில் சேர்த்து வைக்கும் வழிமுறைகள் 1960களிலேயே வந்துவிட்டன. ஏர்லி என்பவர் 1970இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் பாடத்தில் உள்ளது. இரண்டு மரங்களைச் சுமக்கக் கணினிக்குத் தெம்பு உண்டு. ஒன்றை மட்டும் 'சரியான விடை' என்று வைத்து, அதனோடு ஒப்பிட்டு இயந்திரத்துக்குப் புள்ளி போடுகிற ஆய்வுலக வழக்கமே மற்றதை வெட்டிவிடுகிறது. இயந்திரத்தைச் சோதிக்க அது வசதி. ஓதிப் படிக்கிறவனுக்கு அது நட்டம்.

நமது முன்னோர் அப்படிச் செய்யவில்லை. உக்பரியின் 'அத்திப்யான்', ஸமீன் அல்ஹலபியின் 'அத்துர்ருல் மஸூன்' போன்ற இஃராப் நூல்களைத் திறந்தால், ஒரே சொல்லுக்கு இரண்டு, மூன்று முகங்கள் அடுத்தடுத்து வரும். யார் சொன்னது, எது வலுவானது, ஏன் என்பதும் கூடவே இருக்கும். பாரம்பரிய இஃராபைத் தழுவியதாகச் சொல்லும் ஒரு தொகுப்பு, முடிவுகளோடு இந்தப் பண்பையும் எடுத்திருக்க வேண்டும். மாற்று மரங்களும், அவற்றைச் சொன்னவரின் பெயரும் அருகருகே வந்தால் அது இன்னும் பெரிய சேவையாகும். அரபும் கணினியும் சேர்ந்து படிக்கிற நமது இளைஞர்கள் கைவைக்கக்கூடிய வேலை இது. தொடக்கத்துக்கு 3:7, 5:6 போன்ற ஒரு நூறு இடங்கள் போதும்.

அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "இதில இருக்கிறது பிழையில்ல தம்பி. உங்கட உஸ்தாத் சொன்னதும் பிழையில்ல. இதில ஒண்டுதான் போட இடமிருந்தது. மத்தத உங்கட கொப்பியில எழுதி வைங்க, ஆர் சொன்னதெண்டும் சேத்து."