ஒரே பல்பு எரியும் இரண்டு வீடுகள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்காவில் பல வீட்டு அலமாரிகளில் ஒரு குட்டி ஊர் முளைத்துவிடும். பீங்கானில் வீடு, தேவாலயம், ரொட்டிக்கடை. முதுகுப்பக்கத் துளை வழியே செருகிய சிறு பல்பு. சுற்றிலும் பஞ்சுப் பனி. கொலுப்படிக்குக் கீழே பூங்கா கட்ட வைக்கும் அதே ஆசைதான் இதற்கும் மூலம். டிபார்ட்மென்ட் 56 நிறுவனம் 1976இல் ஆறு கட்டடங்களுடன் 'ஸ்னோ வில்லேஜ்' வரிசையைத் தொடங்கியது. 1984இல் டிக்கன்ஸ் கிராமம், 1986இல் நியூ இங்கிலாந்து, பின்னாளில் ஹாரி பாட்டர் எனக் கருப்பொருள்கள் பெருகின. அடுத்து எந்தப் பெயரில் வரிசை வரும் என்பதே பேச்சாக இருக்கிறது. ஆனால் ஒரு வரிசையைத் தாங்கி நிற்பது பெயரைவிட, அதன் கட்டடங்களுக்கு இடையிலான உறவே.

கட்டடங்களை இப்படி உறவால் பிணைக்கும் முறையின் பலமும் குறையும், டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையை ஒட்டி 1986இல் வந்த கட்டடங்களில் சேர்ந்தே தெரிகின்றன. கஞ்சன் ஸ்குரூஜின் அலுவலகம், தாராள மனம் படைத்த ஃபெசிவிக்கின் கிடங்கு, ஸ்குரூஜின் குமாஸ்தா கிராட்சிட்டின் குடிசை. தனித்தனியே அவை வெறும் அலங்கார விளக்குகள். அருகருகே வைத்தால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு கதை ஓடுகிறது. எது எதற்கு எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பதை வாங்கியவரே முடிவுசெய்கிறார். ஆனால் 1843இல் வெளியான அந்தக் கதையில் ஸ்குரூஜ் நிலக்கரிப் பெட்டியைத் தன் அறையிலேயே வைத்துக்கொள்கிறார். குமாஸ்தா மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்க்கிறார். பீங்கானிலோ முதலாளியின் அலுவலக ஜன்னலிலும் குமாஸ்தாவின் குடிசை ஜன்னலிலும் ஒரே மஞ்சள் வெளிச்சம். கதையின் உயிரான வேற்றுமை பல்பிலேயே கரைந்துபோகிறது.

அடுத்த குறை, செயற்கைத் தட்டுப்பாடு. ஆண்டுதோறும் சில கட்டடங்களுக்கு, இனி தயாரிப்பதில்லை என்று 'ஓய்வு' அறிவிப்பார்கள். சில எண்ணி வார்க்கப்படும். 'நார்மன் சர்ச்' என்ற கட்டடம் 3,500 மட்டுமே வந்தது. தேடிப் பிடிப்பதில்தானே சேகரிப்பின் சுவை என்பார்கள், அது உண்மைதான். ஆனால் அதுவே முதல் காரணமாகிவிட்டால், ஊரில் ஒரு கட்டடத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியே எழாது. திரைப்பட உரிமம் பெற்ற வரிசைகள் இளையவர்களை உள்ளே அழைத்துவருவதையும் மறுக்கமுடியாது. ஆயினும் அங்கே எல்லாக் கதையையும் படமே சொல்லி முடித்திருக்கிறது. அடுக்குபவர் கற்பனைக்கு மிச்சம் குறைவு.

புதிய கருப்பொருளுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. டிக்கன்ஸின் கதை வந்த மறு ஆண்டு, 1844 டிசம்பர் 21 அன்று, வட இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் டோட் லேன் தெருவில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு என்று சில சரக்குகளே விற்பனைக்கு இருந்தன. ஆலை, வரிசைவீடுகள், கால்வாய், சிறு தேவாலயம், அந்தக் கடை: ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்குப் பொருளில்லை. ஆலைக்குப் பளிச்சென்றும் கடைக்கு மங்கலாகவும் விளக்கு வைத்தால் வெளிச்சமே கதை சொல்லும்.

பண்டிகை நாளில் வறுமையை யார் வாங்குவார் என்று கேட்கலாம். கிராட்சிட்டின் குடிசையை வாங்கியவர்கள் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். வட்டாரக் கட்டடக்கலையை நுணுக்கமாக வார்த்த, 1982இல் தொடங்கிய இங்கிலாந்தின் லில்லிபுட் லேன் 2016இல் மூடப்பட்டதே என்பது கனமான மறுப்பு. உண்மையான ஊரைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வணிகத்தைக் காப்பாற்றிவிடாதுதான். ஆனால் லில்லிபுட் லேனின் குடில்கள் பெரும்பாலும் தனித்தனியே ரசிக்கத்தக்கவை. ரோச்டேலில் கடையை எடுத்துவிட்டால் ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே கதை அறுந்துவிடும். எந்தப் புதிய வரிசையையும் இப்படி ஒரு கட்டடத்தை எடுத்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.