அட்டையில் இல்லாதது

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங்கில் ஸீட் கிடைத்து, ஹாஸ்டலுக்குப் பக்கெட், பாய் எல்லாம் வாங்கியாகிவிட்டதா? அடுத்த கேள்வி தயாராக இருக்கும். ‘அப்பா, லேப்டாப்?’

அப்பா நாலு பேரைக் கேட்பார். ஆபீஸில் ஒருவர், ‘ஐ செவனுக்குக் கீழே தொடாதீங்க’ என்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா பையன், ‘மேக் வாங்கிடுங்க மாமா, கண்ணை மூடிட்டு’ என்பான். அவனுக்கென்ன, கண்ணை மூடினாலும் சம்பளம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர், போன வருஷம் தனக்கு லேப்டாப்போடு ஒரு பையும் மௌஸும் ‘ஃப்ரீ’யாகக் கிடைத்த கதையைச் சொல்வார். இந்த மூன்று ஞானங்களையும் சுமந்துகொண்டு குடும்பம் ஷோரூமுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு லேப்டாப்புக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை நிற்கும். எட்டு அல்லது பத்து வரி. கீழே விலை, அதற்கும் கீழே மாதத் தவணை.

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த அட்டையைத்தான். சிரிக்காதீர்கள். வளையலை அடகு வைத்துவிட்டு வந்து படிக்கப்படும் எழுத்து வேறு எது இருக்கிறது? நாவல்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு மார்க் போடுகிறோம். இதற்கு யாரும் போடுவதில்லை.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டை அனேகமாகப் பொய் சொல்வதில்லை. எழுதியிருப்பது எல்லாம் உண்மை. குறை எழுதாததில்தான் இருக்கிறது. அட்டை, வாங்குகிற நாளுக்காக எழுதப்பட்டது. உங்கள் பெண்ணோ பையனோ அதை உபயோகிக்கப்போவது நாலு வருஷம். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை கிடையாது. நாம் அந்த நாளில் நின்றுகொண்டுதான் அட்டையைப் படிக்க வேண்டும்.

முதல் வரி ப்ராசஸர். கொட்டை எழுத்தில் இருப்பதும் அதுதான். ஐ3, ஐ5, ஐ7 என்பதை ரயிலில் செகண்ட் கிளாஸ், ஏ.சி. என்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 2022-ல் வந்த ஐ3-1215யு, 2019-ல் வந்த ஐ5-10210யு-வைப் பல வேலைகளில் முந்திவிடும். முன்னதில் ஆறு கோர், பின்னதில் நாலு. ஐ-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைவிட, அதற்குப் பிறகு வரும் எண்களில்தான் சங்கதி இருக்கிறது.

அந்த எண்களை நம்பலாமா என்றால், அதிலும் ஒரு வில்லங்கம். ஏ.எம்.டி. கம்பெனி 2022-ல் ரைசன் 5 7520யு என்று ஒன்றை வெளியிட்டது. ஏழாயிரத்துச் சொச்சம் என்பதால் புத்தம் புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஸென் 2 வடிவமைப்பு. பழைய கள், புது மொந்தை. ரகசியம் மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. 7520-ல் உள்ள 2, ஸென் 2-வைக் குறிக்கும். 7530யு என்றால் ஸென் 3. கம்பெனியே வெளியிட்ட விளக்கம்தான் இது. ஆனால் ஷோரூமில் நிற்கும் எந்த அப்பா மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கப்போகிறார்?

இதை வைத்து 2023 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி.யைப் போலி மருந்து வியாபாரியோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்தது. சில நாளில் அதைச் சத்தமில்லாமல் விலக்கிக்கொண்டது. 2024 ஜனவரியில் அதே இன்டெல், ‘ஐ’ எழுத்தை எடுத்துவிட்டு ‘கோர் 5 120யு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே முந்தைய 13-ம் தலைமுறையின் சமாசாரமேதான். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

ப்ராசஸர் மோசம் என்பதல்ல என் குற்றச்சாட்டு. 7520யு-விலேயே ஒரு பி.காம். மாணவி நிம்மதியாகப் படித்து முடிக்கலாம். பெயரைப் பார்த்து வயதை ஏமாறக் கூடாது, அந்த வயதுக்கு உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டையின் அடுத்த வரி மெமரி. ‘8 ஜிபி ரேம்’ என்று இருக்கும். இன்றைக்கு அது போதும். ப்ரௌசரில் இருபது டேப், ஒரு வீடியோ வகுப்பு, பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். என்று திறந்து வைத்தால் திணறும். மூன்றாம் வருஷம் 16 ஆக்கிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். முடியுமா என்பதைத்தான் அட்டை சொல்லாது. பல லேப்டாப்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கூட்டவும் முடியாது, கெட்டுப்போனால் சுலபமாக மாற்றவும் முடியாது. ஒரு துப்பு சொல்கிறேன். ரேம் வகை ‘எல்.பி.டி.டி.ஆர்.’ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் பற்றவைத்ததுதான். மேலே சொன்ன 7520யு அந்த வகை ரேமோடு மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே அதை 8 ஜிபி-யோடு வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபி. வெறும் ‘டி.டி.ஆர்.’ என்று இருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்பது எப்போதும் மலிவாக முடியும் என்று சொல்வதற்கில்லை.

மிக மலிவான அட்டைகளில் ‘4 ஜிபி ரேம், 64 ஜிபி இ.எம்.எம்.சி., விண்டோஸ் 11’ என்று இருக்கும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோஸாஃப்ட் விதித்த குறைந்தபட்சத் தேவை அச்சு அசலாக இதே 4-ம் 64-ம்தான். அதாவது இது ஃபுட்போர்டில் தொங்குவதற்கான டிக்கெட். பஸ் போகும், நீங்களும் போவீர்கள். ஆனால் ஒரு பெரிய அப்டேட் வந்தால் இடம் போதாமல் விழிக்கும். இ.எம்.எம்.சி. என்பதும் எஸ்.எஸ்.டி.யும் ஒன்று அல்ல. முன்னது செல்போன், டேப்லெட் ஜாதி, வேகம் குறைவு. கல்லூரிக்கு வாங்குவதாக இருந்தால் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குக் கீழே இறங்காதீர்கள்.

இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2011 அக்டோபரில் டெல்லியில் ‘ஆகாஷ்’ என்று ஒரு டேப்லெட்டை ஆரவாரமாக வெளியிட்டார்கள். உலகத்திலேயே மலிவு என்றார்கள், மாணவர்களுக்காகவே என்றார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 256 எம்.பி. ரேம், நகத்தால் அழுத்தினால் அசையும் ரெஸிஸ்டிவ் திரை. விலையை முதலில் தீர்மானித்துவிட்டு, மிச்சக் காசில் கம்ப்யூட்டர் செய்தால் இப்படித்தான். சர்க்காரே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம்.

திரைக்கு வருவோம். ‘15.6 இன்ச் ஃபுல் ஹெச்.டி.’ என்பதோடு அட்டை வாயை மூடிக்கொள்ளும். பிரகாசம் எவ்வளவு, நிறம் எப்படி, பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிறதா? மலிவான லேப்டாப்பில் கம்பெனிக்காரன் முதலில் கை வைக்கும் இடம் இதுதான், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. நாலு வருஷம் உங்கள் பிள்ளை பார்க்கப்போவது ப்ராசஸரை அல்ல, இந்தத் திரையை. கடையில் ஓடும் மயில், அருவி வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு வெள்ளைப் பக்கத்தில் சின்ன எழுத்துக்களைப் பத்து நிமிஷம் படித்துப் பாருங்கள். கண் சொல்லும்.

பேட்டரி. ‘10 மணி நேரம் வரை’ என்பதில் ‘வரை’ என்பதுதான் முக்கியமான வார்த்தை. அதற்குப் பதில் வாட்-ஹவர் எவ்வளவு என்று கேளுங்கள். 42 வாட்-ஹவர் என்றால், சாதாரண வேலையில் 10 வாட் இழுக்கும் லேப்டாப்புக்கு நாலு மணி நேரம் சொச்சம். ஆறாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. தவிர, லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 300 முதல் 500 முழு சார்ஜ்களில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் ஒன்றரை வருஷத்துக்குள் அந்தக் கட்டம் வந்துவிடும். ஆகவே, மாற்று பேட்டரி கிடைக்குமா, என்ன விலை, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்பதெல்லாம் இப்போதே கேட்க வேண்டியவை. புதுக்கோட்டையில் படிக்கும் பையன், ஒரு கீல் உடைந்ததற்காகச் சென்னைக்கு பஸ் ஏற முடியாது.

அடுத்து, விற்பனையாளர் வாய்மொழியாகச் சேர்க்கும் வரி. ‘சார், இன்ஜினியரிங்னா கேமிங் லேப்டாப்தான் சார். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது.’

முடியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வைத்தார்கள். அந்தப் பயிற்சி நிரல்கள் இந்த அட்டையில் உள்ள எந்த லேப்டாப்பிலும் ஓடும். மெஷின் லேர்னிங் படிப்பவருக்கு கூகுள் கோலாப் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு கூகுளிடம் இருக்கும், ப்ரௌசர் நம்மிடம் இருந்தால் போதும். இலவசத்தில் கொஞ்சம் கட்டுப்பாடு உண்டு, கற்றுக்கொள்ள அது தடையல்ல. நிஜமாகவே கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படுகிறவர்கள் ஆர்க்கிடெக்சர், அனிமேஷன், பெரிய முப்பரிமாண டிசைன் செய்யும் மெக்கானிக்கல் மாணவர்கள். அந்த மெக்கானிக்கல் பையனுக்கு அக்கா பையனின் மேக் யோசனையும் சரிப்படாது. சாலிட்வொர்க்ஸ் போன்றவை விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை. மற்றவர்களுக்கு கேமிங் லேப்டாப் என்பது இரண்டேகால் கிலோ லேப்டாப், அரைக் கிலோ சார்ஜர், இரண்டு மூன்று மணி நேர பேட்டரி. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பெண்ணின் தோளைக் கேட்டால் தெரியும். என்ன தேவை என்று அந்தத் துறையில் மூன்றாம் வருஷம் படிக்கும் சீனியரைக் கேளுங்கள். அவருக்கு கமிஷன் கிடையாது.

பணம் நிஜமாகவே கம்மி என்றால் இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, காலேஜ் ஆபீஸில் முதலில் விசாரியுங்கள். தமிழக அரசு 2011-ல் இலவச லேப்டாப் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை அதில் வருகிறாரா என்று தெரிந்துகொள்ளாமல் அடகுக் கடைக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது, செகண்ட் ஹாண்ட். முகம் சுளிக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் உபயோகித்துவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கின்றன. தினம் எட்டு மணி நேரம் அடிப்பதற்காகச் செய்த கீபோர்டு, கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். ஒரே ஒரு ஜாக்கிரதை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட, இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ‘ஐ7 சார், பதினாலாயிரம்தான்’ என்று ஒருவர் கையில் திணித்தால் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஆறு, ஏழு என்றால், மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். லினக்ஸ் போடத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதுவும் லாபமே. வாரன்டியை மட்டும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வாரன்டி கடை வாசலோடு சரி.

‘இவ்வளவு பார்த்தால் விலை கூடுமே’ என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். 25,000 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு வருஷத்தில் தூக்கிப்போட்டால் மாதத்துக்கு ஆயிரத்து நாற்பது ரூபாய் சொச்சம். 40,000-க்கு வாங்கி நாலு வருஷம் ஓடினால் மாதத்துக்கு எண்ணூற்று முப்பது சொச்சம். ஏழைக்குத்தான் மலிவுச் சரக்கு அதிக விலைக்கு விற்கப்படுகிறது. ப்ராஜெக்ட் வைவாவுக்கு முந்தின ராத்திரி செத்துப்போகும் லேப்டாப்பின் விலை இந்தக் கணக்கில் சேரவில்லை.

எனவே அட்டைக்கு என் மார்க், நூற்றுக்கு நாற்பது. உண்மை சொன்னதற்கு முப்பத்தைந்து, தவணை வட்டியைச் சின்ன எழுத்திலாவது போட்டதற்கு ஐந்து. மிச்ச அறுபதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ரேமைக் கூட்ட முடியுமா? எஸ்.எஸ்.டி.தானே? பேட்டரி எத்தனை வாட்-ஹவர், மாற்றினால் என்ன ஆகும்? எடை எவ்வளவு, சார்ஜரோடு சேர்த்து? எங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா?

கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குள், ‘சார், பை ஃப்ரீ சார்’ என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.