பவ் த்ரஸ்டர்: அந்த 100 கிலோ எங்கே அளந்தது?

படகின் முன்முனையான அணியத்தைப் பக்கவாட்டில் தள்ளும் மின்மோட்டார்தான் பவ் த்ரஸ்டர். அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, ‘நாற்பது அடிப் படகுக்கு எத்தனை கிலோ போதும்?’ என்பதுதான். ஆனால் அணியத்தைப் பக்கவாட்டில் தள்ளுவது படகின் நீளமல்ல, காற்று. கிரீஸ், குரோஷியா துறைமுகங்களில் படகின் பின்புறத்தைக் கரைச்சுவரோடு சேர்த்துக் கட்டுவார்கள். இருபுறமும் நிற்கும் படகுகளுக்கு நடுவே பின்னோக்கி நுழைகையில் குறுக்குக் காற்று அடித்தால், முதலில் கையை மீறுவது அணியம். 12 மீட்டர் படகுக்கு நீர்மட்டத்துக்கு மேலுள்ள பக்கப்பரப்பு 24 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 நாட் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 65 நியூட்டன் அழுத்தும். மொத்தம் 160 கிலோ. படகு பின்முனையை அச்சாக வைத்துத் திரும்புவதால், அணியத்தில் அதில் பாதி, அதாவது 80 கிலோ, கொடுத்தால் போதும். காற்று 25 நாட் வேகத்துக்கு ஏறினால் அதே படகு 125 கிலோ கேட்கும். வெயிலுக்குக் கட்டும் கித்தான் கூடாரத்தையும் பரப்பில் சேர்க்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, 100 கிலோ த்ரஸ்டர் வாங்கியாயிற்று. அந்த 100 எத்தனை வோல்ட்டில்? நார்வேயின் ஸ்லைப்னர் நிறுவனம் சைட்-பவர் எஸ்இ100 மாடலுக்கு இரண்டு எண்களை அச்சிடுகிறது: 12 வோல்ட்டில் 116 கிலோ, 10.5 வோல்ட்டில் 100. நேர்மையான பழக்கம். ஏனென்றால் படகில் பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால். போகவர 20 மீட்டர் கேபிள். 95 சதுர மில்லிமீட்டர் செம்பில் 550 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2 வோல்ட் காணாமல் போகும். பாரத்தில் பேட்டரியும் இறங்கும். மோட்டாருக்குப் பத்து வோல்ட்கூடப் போய்ச் சேராது. அதே திறனை 24 வோல்ட்டில் எடுத்தால் மின்னோட்டம் பாதி. இழப்பு 24-இல் ஒரு வோல்ட்தான். எனவே கூடுதல் பணத்தைப் பெரிய மோட்டாரில் போடுவதைவிட 24 வோல்ட்டில் போடலாம் என்பதே என் கட்சி.

‘பெரியதாகவே வாங்கினால் தொல்லை விட்டதே’ என்பார்கள். பெரிய மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். அதே கேபிளில் இழப்பும் கூடும். பேட்டரியை அணியத்திலேயே வைக்கலாமே என்றால், மோட்டார் படகுக்குச் சரி. பாய்மரப் படகுக்கு முன்பாரம் அலையில் தலைகுத்த வைக்கும். நல்ல மாலுமிக்கு த்ரஸ்டர் எதற்கு என்ற கேள்வி இரட்டை எஞ்சின் படகுக்குப் பொருந்தும். ஒற்றை எஞ்சினும் இரண்டே ஆட்களும் உள்ள படகுக்குப் பொருந்தாது. ஆனாலும் இது சுக்கானுக்கு மாற்றல்ல: படகு இரண்டு நாட் வேகம் தாண்டினாலே தள்ளல் வலுவிழக்கும், சாதாரண மோட்டார் இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும்.

பொருத்தி முடித்ததும் பட்டனை அழுத்தியபடி மோட்டார் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் அமைப்பில் அது 10.5-க்குக் கீழே காட்டினால், பில்லில் போட்ட கிலோ உங்கள் படகில் இல்லை.